டோக்கன் இல்லாத சைக்கிள்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் தகரக் கொட்டகை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. எழுபத்தைந்தாம் வருஷத்திலிருந்து அதை நடத்தி வந்தவள் ரேணுகாம்பாள். அவளைப் போலச் சந்தேகம் பிடித்த மனுஷி வட ஆற்காடு ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். டீக்கடையில் மீதி கொடுத்த எட்டணாவைக் கல்லில் தட்டிப் பார்ப்பாள். வெயில் கொளுத்தும்போது ஒருத்தர் "மழை வரும் போல கீது" என்று சொல்லிவிட்டால் போதும், இவர் எங்கேயாவது குடைக்கடை வைத்திருக்கிறாரா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஸ்டாண்டில் அவள் வைத்திருந்த முறையும் அப்படித்தான். மற்ற ஸ்டாண்டுகளில் நம்பர் அடித்த தகர வில்லை கொடுப்பார்கள். இவள் காகிதச் சீட்டு வைத்திருந்தாள். ஒரே நம்பரைச் சீட்டின் இரண்டு ஓரத்திலும் எழுதி, நடுவில் கையாலேயே கோணல்மாணலாகக் கிழிப்பாள். ஒரு பாதி ஹேண்டில்பாரில் தொங்கும், மறுபாதி சைக்கிள்காரரின் சட்டைப்பைக்குப் போகும். சாயங்காலம் அவர் வந்து நீட்டும்போது நம்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இரண்டு கிழிசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பாள். நம்பரை எவன் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு வரலாம், கிழிசலை எழுத முடியாது என்பது அவள் கட்சி. டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்த போலீஸ்காரர் ஒருவரை, சைக்கிள் வாங்கிய பில்லை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியவள் அவள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொண்டுவந்தார்.

டோக்கன் இல்லாமல் உள்ளே வந்து, டோக்கன் இல்லாமல் வெளியே போன சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய தம்பி மூர்த்தியின் சைக்கிள். அவள் மேஜையை ஒட்டி அதற்கென்று ஓர் இடம் உண்டு. அதை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். தாய் செத்தபோது மூர்த்திக்கு மூன்று வயசு. இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியவள், சிலேட்டில் கைபிடித்து எழுத வைத்தவள் எல்லாம் அவளே. அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. தம்பிக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கிற அக்கா எங்கேயாவது உண்டா?

இந்தச் சந்தேகம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. அவள் புருஷன் இராமலிங்கம் லாரி ஓட்டினான். எழுபத்து நாலில் செங்கம் ரோட்டில் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். காரியம் முடிந்த மறுநாள் லாரி முதலாளி வந்தார், அழுதார், முந்நூறு ரூபாயைக் கையில் வைத்தார். "செலவுக்கு வச்சிக்கோம்மா, வாங்கிக்கினேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு" என்றார். போட்டாள். நஷ்டஈடு முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது அவளுக்கு மூன்று மாசம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

இராமலிங்கம் அவளுக்கு விட்டுப்போனது ஒரு வீடும், அந்த வீட்டின் மேல் ஒரு கடனும். கோயிலின் மேற்குக் கோபுரமான பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறையும் மொட்டைமாடியுமாக அவன் கட்டிய வீடு அது. மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அதைக் கட்டுவதற்காக எழுபதாம் வருஷம் டவுனில் ஒரு நிதிக் கம்பெனியில் அடமானம் வைத்து எட்டாயிரம் வாங்கினான். மாசம் தொண்ணூற்றைந்து ரூபாய், பதினைந்து வருஷம் கட்ட வேண்டும். வீட்டின் மூலப்பத்திரம் நிதியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது.

அவன் செத்த பிறகு ஸ்டாண்டு போட அவளுக்கு மூவாயிரம் தேவைப்பட்டது. அதே வீட்டின் மேல் இரண்டாவதாக ஓர் அடமானம் எழுதிக் கொடுத்தாள். கடன் கொடுத்தவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த அப்பாதுரை. தனக்கு முன்னால் நிதி நிற்கிறது என்று தெரிந்தே கொடுத்தார், அதனால் வட்டியும் ஜாஸ்தி. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்திரத்தை ரேணுகாம்பாள் ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுத்தாள். மூவரும் ஒரே மாதிரி படித்தார்கள். மூன்று பேரையும் அப்பாதுரை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டாரோ என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் போட்டாள்.

அப்பாதுரை ஒன்றும் இனிமையான ஆள் இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் பேசமாட்டார், ஒரு பைசாவை விடமாட்டார். டவுனுக்குள் சுற்ற ஒரு பழைய சைக்கிளை அவளுடைய ஸ்டாண்டிலேயே போட்டு வைத்திருந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி எடுப்பார், வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போவார். பாதி டோக்கனை மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொள்வார், ஒரு நாளும் தொலைத்ததில்லை. மாசாமாசம் அவள் வட்டியைக் கொடுத்ததும் நோட்டில் எழுதி, அவள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுப்பார். இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவன் மனசில் என்னதான் வைத்திருப்பான் என்று அதற்கும் அவளுக்குச் சந்தேகம்.

நிதிக்குக் கட்டுவதற்கு மட்டும் அவளால் போக முடியாது. ஆபீஸ் திறந்திருக்கிற நேரமும் ஸ்டாண்டில் கூட்டம் மொய்க்கிற நேரமும் ஒன்று. மூர்த்தி அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வந்து, ஸ்டாண்டில் போட்டுவிட்டு, வேட்டவலம் ரோட்டு ரைஸ்மில்லுக்கு பஸ் பிடிப்பான். வரும் வழியில்தான் நிதி ஆபீஸ். ஒவ்வொரு மாசமும் நாலாம் தேதி சாயங்காலம் தொண்ணூற்றைந்து ரூபாயை எண்ணி அவனிடம் கொடுத்துவிடுவாள். ரசீதைப் பற்றி எப்போதோ ஒரு தடவை கேட்டாள். "எல்லாம் எங்க வூட்டுப் பொட்டியில பூட்டி வச்சிருக்கேங்க்கா, உங்க வூட்ல ஒழுகுதில்ல" என்றான். ஒழுகியது உண்மைதான்.

எழுபத்தெட்டுக் கடைசியில் தபால்காரர் காசி ஒரு ரிஜிஸ்டர் தபாலோடு வந்தார். நிதியிலிருந்து வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும் என்றார். அவள் கை தானாகப் பின்னால் போயிற்று. சாயங்காலம் மூர்த்தியைக் கேட்டாள்.

"போட்டுடாதேக்கா. வட்டியை ஏத்தப்போறாங்களாம். நீ கையெழுத்துப் போட்டா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். வாங்கலன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் அவன்.

தன் தம்பி எவ்வளவு விவரமானவன் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து வந்த இரண்டு தபாலையும் திருப்பி அனுப்பினாள். எழுபத்தொன்பதில் கோர்ட்டுப் பேர் போட்ட காகிதம் ஒன்று வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. "நிதிக்காரங்க கடன் வாங்கின எல்லார் வூட்லயும் ஒட்றாங்கக்கா, பயமுறுத்தறதுக்கு" என்று மூர்த்தியே தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்துவிட்டான்.

எண்பதாம் வருஷம் ஐப்பசி மாசம். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. தீபம் என்றால் அவளுக்கு அந்தப் பத்து நாள் வசூல் நாலு மாச வசூலுக்குச் சமம். கொட்டகைக்குப் பக்கத்துக் காலிமனையை வாடகை பேசிவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், சந்தில் கூட்டத்தைப் பார்த்தாள். ஒருவன் தமுக்கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கோர்ட்டு ஆமீன் நின்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். இன்ன நம்பர் வீடு, நிதியின் அடமானக் கடனுக்காக, வருகிற பத்தாம் தேதி கோர்ட்டில் ஏலம் விடப்படும்.

அவள் வீட்டு நம்பர்தான். மாசம் தவறாமல் கட்டுகிற கடனுக்கு ஏலமா?

யார் செய்த சூழ்ச்சி என்பது மறுநிமிஷமே அவளுக்கு விளங்கிவிட்டது. போன மாசம் இதே சந்தில் அப்பாதுரை நின்றார். வாசலிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் காலடி வைத்து அளந்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார். அவளைக் கண்டதும், "சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பைசாவுக்குக்கூடச் சும்மா நடக்காத மனுஷன்!

அவள் ஓடிப்போய்ச் சொன்னதும், வக்கீல் சக்கரபாணி கோர்ட்டில் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"தபாலை வாங்கலன்னா கேஸ் நடக்காதுன்னு யாரும்மா உனக்குச் சொன்னது? வேணாம்னு திருப்பி அனுப்பினா, வாங்கிக்கிட்டதாத்தான் கணக்கு. சம்மனைக் கதவுலயும் ஒட்டியிருக்காங்க. நீ வரல. நிதி கேட்டபடி தீர்ப்பு ஆயிடுச்சு. ஆறாயிரத்து இருநூறு ரூபா, செலவோட."

"நான் மாசாமாசம் கட்டியிருக்கேன் வக்கீலய்யா. இது அந்த அப்பாதுரை வேலை."

"அப்பாதுரையும் இந்தக் கேஸ்ல ஒரு பிரதிவாதி. ரெண்டாம் அடமானம் வச்சிருக்கிறவனைச் சேர்க்காம முதல் அடமானக்காரன் ஏலத்துக்குப் போக முடியாது. அவர் சம்மனை வாங்கிக்கிட்டார், உன்ன மாதிரி திருப்பி அனுப்பல."

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். ஏலத்தில் வருகிற பணத்தில் முதலில் நிதிக்கு. மீதி இருந்தால் அப்பாதுரைக்கு. அதற்கும் மேல் மிஞ்சினால்தான் ரேணுகாம்பாளுக்கு. அப்பாதுரை நினைத்தால் தன் கடனுக்காகத் தனியாகவும் கேஸ் போட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் நிதியின் கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டேதான் போகும். ஏலம் முடிந்தாலும் முப்பது நாள் அவகாசம் உண்டு, கடன் முழுவதையும், ஏலம் எடுத்தவனுக்கு நூற்றுக்கு ஐந்தும் கட்டினால் ஏலம் ரத்தாகும்.

"இன்னொண்ணும் இருக்கு. ரெண்டாமவன் நிதிக்கடனைத் தானே கட்டிட்டு, நிதி உட்கார்ந்திருக்கிற நாற்காலியில உட்காரலாம். அப்புறம் ரெண்டு கடனுக்கும் அவன்தான் சொந்தக்காரன்."

"என்னக் கேக்காமலா?"

"கேக்க வேண்டியதில்ல."

அவள் காதில் அதற்குமேல் ஒன்றும் ஏறவில்லை. கேட்காமலே ஒருவன் கட்டலாம், கட்டிவிட்டு மொத்த வீட்டின் கழுத்திலும் கை வைக்கலாம். அதற்குத்தானே காலடி வைத்து அளந்தான்!

மறுநாள் காலையில், ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஸ்டாண்டைப் பூட்டிவிட்டு நிதி ஆபீசுக்குப் போனாள். அங்கே குமாஸ்தா அப்பாசாமி லெட்ஜரைத் திருப்பிக் காட்டினார். கடைசியாகப் பணம் வந்தது எழுபத்தெட்டு பிப்ரவரியில். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு மாசம் வெறும் கோடு.

"பொய்க் கணக்கு" என்றாள்.

"ரசீதைக் கொண்டாம்மா. ஒரு ரசீது காட்டு, நானே உனக்காகக் கோர்ட்டுக்கு வர்றேன்."

"அப்பாதுரை இங்க வந்தாரா?"

"வந்தாரு. பாக்கி எவ்ளோன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கினு போனாரு. ரெண்டாம் அடமானக்காரரு, கேக்க அவருக்கு உரிமை உண்டு."

போதாதா! குமாஸ்தாவும் மண்டிக்காரரும் சேர்ந்து லெட்ஜரையே திருத்திவிட்டார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சாயங்காலம் மூர்த்தி சைக்கிள் எடுக்க வந்ததும் ரசீதுகளைக் கேட்டாள். அவன் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. அக்காவின் வீடு போகிறதே என்ற கவலை என்று அவள் நினைத்தாள், அவனுக்காக அவளுக்கே மனசு இளகியது.

"அந்த அப்பாதுரை ஆள் அனுப்பினாருக்கா. கணக்குப் பாக்கணும், அக்காதான் வாங்கியாரச் சொல்லிச்சுன்னாங்க. எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும்டா!" என்றாள் ரேணுகாம்பாள். தான் சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் அந்தத் துக்கத்திலும் அவளுக்கு ஒரு திருப்தி.

அடுத்த நாள் அப்பாதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கண்ணாடிக் கூட்டிலிருந்து பாதி டோக்கனை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சைக்கிள் கிடையாது. என் ரசீதுங்களைக் குடு, அப்புறம் சைக்கிளக் கேளு."

"இன்னா ரசீது?"

"நடிக்காதய்யா! என் தம்பி கையிலருந்து வாங்கினியே, அது. வூட்டை முழுங்கப் பாக்கறியா? ஒரு ஆம்பளை இல்லாத வூடுன்னுதான?"

பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாதுரைக்குக் காது மடல் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"நான் எவனையும் அனுப்பல. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லும்மா. அஞ்சு வருஷமா இங்க வர்றேன். ஒரு நாளாவது பாதிச் சீட்டு இல்லாம எனக்கு சைக்கிள் குடுத்திருக்கியா? இல்ல. நல்லது. உன் தம்பி கையில மாசாமாசம் தொண்ணூத்தஞ்சு ரூபா குடுத்தியே, அதுக்குப் பாதிச் சீட்டு எங்க?"

அவள் வாயில் வந்ததெல்லாம் சொல்லி அவரைத் திட்டினாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனைப் பற்றிப் பேச உனக்கு நாக்கு அழுகாதா என்றாள். அவர் டோக்கனைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தே போனார்.

திட்டி முடித்து உட்கார்ந்தவளுக்கு உட்கார முடியவில்லை. மேஜையை ஒட்டி மூர்த்தியின் சைக்கிள் நின்றது. மற்ற சைக்கிள் எல்லாவற்றிலும் பாதிச் சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதில் மட்டும் ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, அப்படி இருக்காது என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு பக்கத்து டீக்கடைக்காரரை ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நட்டநடு மத்தியானத்தில் அடி அண்ணாமலைக்கு நடந்தாள்.

மூர்த்தியின் மனைவி வள்ளி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி, வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"என் ரசீதுப் பொட்டி எங்கடி?"

"பரண்லதான் கீது. அண்ணியோட ரசீதுங்க, யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காரு. இருங்க, சாவியை நெலப்படி மேல வச்சிருப்பாரு."

ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்ன ரசீதுகள் பரணில் இருக்கின்றனவாம். ஒரு கணம் ரேணுகாம்பாளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பயந்துபோய் என்னவோ உளறிவிட்டான், ரசீது இருக்கிறது, அது போதும். வள்ளி தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து அவள் முன்னால் வைத்தாள். அவளே திறந்தாள்.

உள்ளே முழுக்கப் பரிசுச் சீட்டு. தமிழ்நாடு, கேரளா, நாகாலாந்து என்று எல்லா ராஜ்ஜியத்துச் சீட்டும் இருந்தது. கட்டுக் கட்டாக நூல் சுற்றி அடுக்கியிருந்தான். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டுக் காகிதத்தில் மாசமும் வருஷமும் குண்டு குண்டான எழுத்தில். அவள் கைபிடித்துப் பழக்கிய எழுத்து. மார்ச் எழுபத்தெட்டு, ஏப்ரல் எழுபத்தெட்டு. எண்ணினாள். முப்பத்திரண்டு இருந்தது. என்றைக்காவது ஒரு லட்சம் விழும், அக்காவின் கடனை ஒரே நாளில் அடைத்துவிடலாம் என்று நினைத்திருப்பான் பாவி. நினைத்திருப்பான் என்றுதான் அவள் மனசு அப்போதும் சொல்லியது.

"இன்னா அண்ணி, எல்லாம் சரியா கீதா?" என்று வள்ளி முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

ரேணுகாம்பாள் பெட்டியை மூடினாள். "சரியா கீது. ரசீதுதான்."

அழுகை வரவில்லை அவளுக்கு. வெட்கம் வந்தது. ஊரிலுள்ள அத்தனை பேரையும் கிழித்துப் பொருத்திப் பார்த்தவள், பார்க்க வேண்டிய ஒருத்தனைப் பார்க்கவில்லை. அவள் சந்தேகத்தை அவளுக்கு எதிராகவே திருப்பிவிட்டு அவன் குளிர் காய்ந்திருக்கிறான். நடந்து வந்த பாதை முழுக்க அவளுக்கு உடம்பு கூசியது.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் கூரை மேல் அப்பாதுரையின் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனாள். மண்டி வாசலில் இறக்கி நிறுத்தினாள். அவர் எழுந்து வந்தார். ரேணுகாம்பாள் கையை நீட்டினாள்.

"டோக்கன்?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் ஹேண்டில்பாரிலிருந்த பாதியை அவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. சைக்கிளை விட்டாள்.

"நேத்து வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். அது தப்பு. ஆனா ஒண்ணு சொல்லுங்க. என் வூட்டு முன்னால நின்னு எதுக்கு அளந்தீங்க?"

"ஏலத்துல எவ்ளோ போவும்னு பாத்தேன். இருபதாயிரம் பெறும். ஆனா கோர்ட்டு ஏலத்துல நாலு பேர் பேசி வச்சிக்கினு ஏழாயிரத்துக்கு எடுத்துட்டாங்கன்னு வை. நிதிக்காரன் முழுசா எடுத்துக்குவான். எனக்குத் துடைச்சுப்போட ஆயிரம் கூட மிஞ்சாது. உன் மேல எனக்கு ஒண்ணும் பாசம் பொத்துக்கினு ஊத்தல. என் மூவாயிரம் பொழைக்கணும்னா உன் வூடு ஏலம் போகாம இருக்கணும்."

"அதனால நிதிக்கு நீங்களே கட்டப்போறீங்க."

"கட்டப்போறேன். நாளைக்கு."

"கட்டிட்டு, நீங்களே கேஸ் போட்டு வூட்டை எடுத்துக்கினா?"

அப்பாதுரை சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எடுத்துக்கலாம். சட்டம் எனக்கு அந்த இடத்தைக் குடுக்குது. உனக்கு அந்த பயம் இருந்துக்கினே இருக்கட்டும், நல்லதுதான். மாசம் இருநூறு. நீயே வந்து கட்டு. யார் கையிலயும் குடுத்தனுப்பாத."

பத்தாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் நிதிக்குப் பணம் கட்டியாயிற்று. ரேணுகாம்பாள் அவர் கூடவே போய் அப்பாசாமி நோட்டை எண்ணுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். கோர்ட்டில் ஏலம் நின்றது. வீடு அவளுடையதாகவே இருந்தது. அதன் மேலிருந்த இரண்டு கடனும் இப்போது அப்பாதுரையுடையவை. எண்பத்தாறு வரைக்கும் மாசாமாசம் அவளே பஸ் ஏறிப் போய்க் கட்டினாள். கடைசிப் பணம் கட்டிய அன்றைக்கு அவரைப் பதிவாபீசுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கடன் தீர்ந்ததைப் பதிவு செய்ய வைத்தாள். வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தாள், வீட்டின் மேல் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை போட்டு வாங்கினாள். அப்பாதுரை பேரில் அவளுக்கிருந்த சந்தேகம் அவர் செத்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஆனால் மூர்த்தி வந்த நாளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவள் பெட்டியைத் திறந்த அன்று, அவள் திரும்பி வருமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், பிறகு ஸ்டாண்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. அவளும் தேடிப் போகவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, வள்ளியிடம்கூட. அந்த வருஷத்துத் தீபத்துக் கொடியேற்றத்துக்கு மறுநாள் காலையில் வந்தான். ஸ்டாண்டு நிரம்பி, பக்கத்துக் காலிமனையிலும் சைக்கிள்கள் நின்றன. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். அவன் வழக்கம்போல வரிசையைத் தாண்டி உள்ளே வந்து, மேஜையை ஒட்டி சைக்கிளை ஸ்டாண்டு போட்டான்.

"இன்னாக்கா, நல்லா கீறியா?" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. சாயந்தரம் பேசறேன்."

"வரிசையில வா" என்றாள் ரேணுகாம்பாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றான். பஸ் வந்தது, போயிற்று. ஒவ்வொருவராகச் சீட்டு வாங்கிக்கொண்டு நகர, அவன் மேஜைக்கு வந்தான்.

அவள் சீட்டை எடுத்தாள். இரண்டு ஓரத்திலும் நம்பர் எழுதினாள். நடுவில் கிழித்தாள், கிழிசல் எப்போதையும்விடக் கோணலாகப் போயிற்று. ஒரு பாதியை அவன் ஹேண்டில்பாரில் கட்டினாள். அந்த சைக்கிளை வாங்கிய அன்றைக்கு அதே ஹேண்டில்பாரில் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியதும் அவள்தான். மறுபாதியை அவனிடம் நீட்டினாள்.

"அக்கா" என்றான் மூர்த்தி. கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "எனக்கா?"

"பதினஞ்சு பைசா" என்றாள் அவள். "சாயந்தரம் அதைக் கொண்டாந்து காட்டு. காட்டினாத்தான் சைக்கிள்."

அவன் பையைத் துழாவிப் பதினைந்து பைசாவை எடுத்து மேஜை மேல் வைத்தான். அவள் காசைக் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.